டெண்டர் காலமும் மழைக்காலமும்

தமிழ்நாட்டில் கிராமச் சாலை வேலையை நடத்துவது மார்ச் 31 என்ற தேதிதான். நிதியாண்டு முடிவதற்குள் செலவுக் கணக்கைக் காட்டியாக வேண்டும். அதனால் பொங்கல் கழிந்ததும் ஒன்றியம் ஒன்றியமாக ஜல்லி இறங்குகிறது, ரோலர்கள் வருகின்றன, மார்ச் கடைசி வாரத்தில் இரவிலும் தார்ப் புகை எழுகிறது. ஏப்ரலில் எல்லாம் ஓய்ந்துவிடும். பட்ஜெட் ஒதுக்கீடு, அரசாணை, நிர்வாக ஒப்புதல், எஸ்டிமேட், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர் என்று ஒவ்வொரு படியாக ஏறி ஒர்க் ஆர்டர் ஒப்பந்ததாரர் கைக்கு வரும்போது பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடுகிறது. அக்டோபர் மூன்றாவது வாரத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். பிறகு மறுபடியும் பொங்கல்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மார்ச் அவசரம் தற்செயலாக உலர்ந்த மாதங்களில் வந்து விழுகிறது. தார் போட பிப்ரவரி, மார்ச்சைவிட நல்ல காலம் இங்கே கிடையாது. ஆகவே, 'மழையில் ரோடு போடுகிறார்கள்' என்ற வழக்கமான புகார் பாதி உண்மைதான். பெரிய கேடு வேறு இடத்தில் இருக்கிறது. மண் வேலை, சிறுபாலம், ஜல்லி, தார் ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு பருவங்களைக் கேட்பவை. அவற்றைப் பத்து வாரத்துக்குள் திணிக்கிறோம். மழை நமக்குத் தரும் வேலைக்காலம் நீளமானது. அதன் பெரும்பகுதியைக் கோப்புகள் தின்றுவிடுகின்றன. கிராமச் சாலைகளும் பருவநிலையும் குறித்து இந்தியாவிலும் வெளியிலும் திரண்டிருக்கும் அறிவை வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகும்.

சராசரி என்னும் மயக்கம்

தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 920 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய 440 மில்லிமீட்டர் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. கடலோர மாவட்டங்களில் இந்த மூன்று மாதப் பங்கு 60 சதவீதத்தை எட்டும். சாலை விதிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வெளியிட்ட கிராமச் சாலைக் கையேடு, சாலையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு எவ்வளவு சரிவு வேண்டும் என்பதை ஆண்டு மழையை வைத்துச் சொல்கிறது. 1,000 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் மெல்லிய தார்ச்சாலைக்கு 3 சதவீதம். அதற்கு மேலே என்றால் 3.5. மண் சாலைக்கு முறையே 4, 5. இந்தக் கோட்டின்படி தமிழ்நாட்டின் பெரும்பகுதி 'குறைந்த மழைப் பகுதி'.

மண்ணின் வலிமையைச் சோதிப்பதிலும் இதே கோடு குறுக்கிடுகிறது. சாலைக்கு அடியில் வரும் மண்ணை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஓர் உருளையால் அழுத்தி, அது எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது வழக்கமான சோதனை. 1,000 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெறும் இடங்களில், மேலே கனமான தார் அடுக்கு பாதுகாப்பாக இருந்தால், நான்கு நாள் ஊறல் மிகக் கடுமை என்று நெடுஞ்சாலைகளுக்கான பழைய வழிகாட்டி சொல்லியிருந்தது. நெடுஞ்சாலைக்கு அது நியாயம். இரண்டு சென்டிமீட்டர் தார்க்கம்பளம் விரித்த ஊராட்சிச் சாலைக்கு அந்தச் சலுகை பொருந்தாது. டிசம்பரில் இருபுறமும் வயல் நிரம்பி நிற்கும்போது அந்தச் சாலையின் அடிமண் ஊறுவது நான்கு நாளோடு முடிவதில்லை.

ஆண்டு முழுவதும் பரவிப் பெய்யும் 920 மில்லிமீட்டரும், ஒரு சில புயல் நாட்களில் கொட்டும் 920 மில்லிமீட்டரும் சாலைக்கு ஒன்றல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டில் பெறும் மழையைவிட அது அதிகம். ஒரு நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே வானிலைத் துறை அதை 'அதி கனமழை' என்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் 50 சென்டிமீட்டரைத் தாண்டியது. கடலிலிருந்து வெகு தூரம் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையிலும் ஏறக்குறைய அதே அளவு.

இப்போது சிறுபாலங்களைப் பாருங்கள். ஓர் ஓடையில் எவ்வளவு வெள்ளம் வரும் என்று கணக்கிட நம் பொறியாளர்கள் கையில் பல வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்று 1884ஆம் ஆண்டைச் சேர்ந்த ரைவ்ஸ் சூத்திரம். சென்னை மாகாணத்துக்கென்றே உருவானது. நீர்ப்பிடிப்புப் பரப்பையும் ஒரு மாறிலியையும் கொண்டு வெள்ள அளவைத் தரும். எளிமையானது, நூறாண்டுக்கு மேல் நன்றாகவே உழைத்திருக்கிறது. ஆனால் அதற்குள் மழை என்று ஓர் எண்ணே கிடையாது! மழை மாறினாலும் விடை மாறாது. அதோடு, கடலோரச் சமவெளிக்கு மிகக் குறைந்த மாறிலி, மலையடிவாரத்துக்கு மிக அதிகம். தட்டையான நிலத்தில் நீர் மெதுவாக ஓடும் என்ற நியாயத்தில் வைத்தது அது. காயல்பட்டினம் அந்தக் குறைந்த மாறிலிக்காரப் பகுதியில்தான் இருக்கிறது. மழைச் செறிவை வைத்துக் கணக்கிடும் முறைகளும் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் சிறுபாலக் கையேட்டிலேயே இருக்கின்றன. எஸ்டிமேட் அவசரத்தில் எது சுலபமோ அது வெல்கிறது.

மண்ணுக்குப் பதம், தாருக்கு உலர்வு

மண்ணை இறுக்குவதில் ஈரத்தின் பங்கை 1933இல் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் அளந்து காட்டினார். காய்ந்த மண் ரோலருக்கு மசியாது. தொளதொளத்த மண் பிதுங்கும். இடையில் ஓர் ஈர அளவில்தான் மண் மிக அடர்த்தியாகப் படியும். ஏர் பூட்டும் எவருக்கும் இந்தப் பதம் தெரியும். பிராக்டர் அதற்கு எண் கொடுத்தார்.

இங்கேதான் நம் நாட்காட்டி தலைகீழாகிறது. வடகிழக்கு மழை விட்ட மூன்று, நான்கு வாரங்களில், அதாவது ஜனவரியில், மண்ணில் இயற்கையாகவே பதம் இருக்கும். ஏரி, குளங்களில் தண்ணீரும் இருக்கும். மண் வேலைக்கு அதுதான் பொற்காலம். டெண்டர் தாமதமாகி மண் வேலை மார்ச்சுக்குத் தள்ளிப்போனால் டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் மண்ணுக்கு எவ்வளவு ஊற்றுவார்கள்? மேலே தெளித்துவிட்டு ரோலரை ஓட்டுவார்கள். மேல் தோல் இறுகும். உள்ளே பொருபொருவென்று இருக்கும். ஏழெட்டு மாதம் கழித்து முதல் பெருமழையில் அது அமுங்கும். தார் மேல் பழி விழும்.

கோவில்பட்டி, விருதுநகர், அருப்புக்கோட்டை பக்கத்துக் கரிசல் மண்ணில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் மண் அது. பதம் நிற்கும் நாட்கள் மிகச் சில. சுண்ணாம்பு கலந்து பக்குவப்படுத்துவதும், கரிசலை வெட்டி எடுத்துவிட்டு நல்ல கிராவல் நிரப்புவதும் தெரிந்த மருந்துகள்தாம். இரண்டுக்கும் நேரம் வேண்டும். மார்ச் 20ஆம் தேதி அந்த நேரம் யாரிடமும் இருக்காது.

தாரின் தேவை வேறு. அடித்தளம் நனைந்திருக்கக் கூடாது, நிழலில் காற்றின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்று விவரக்குறிப்பு சொல்கிறது. சமவெளியில் இரண்டாவது விதிக்கு வேலையில்லை. நீலகிரியில் உறைபனி விழும் ஜனவரிக் காலையில் உண்டு. கான்கிரீட்டுக்கு மேல்வரம்பு: நிழலில் 35 டிகிரியைத் தாண்டினால் போட வேண்டாம் என்பது விதி. வேலூரிலோ திருநெல்வேலியிலோ மே மாதப் பகல் முழுக்க அந்த விதிக்கு வெளியே நிற்கிறது. சிமெண்ட் சாலையில் முதல் வாரத்திலேயே மயிரிழை விரிசல்கள் ஓடுவதற்கு வெயிலும் காற்றும் ஈரத்தை உறிஞ்சுவது ஒரு முக்கியக் காரணம். விடியற்காலையில் போட்டு, நனைந்த சாக்கால் மூடி, இரண்டு வாரம் தண்ணீர் கட்டினால் தப்பிக்கலாம்.

வெளிநாட்டு ஆய்வுகளில் நமக்கு நெருக்கமானவை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. தென்னாப்பிரிக்கரான வைனர்ட், மழையோடு ஆவியாதலையும் சேர்த்து ஒரு குறியெண் தந்தார். அங்கே வெப்ப மாதமான ஜனவரியின் ஆவியாதலைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு மழையால் வகுப்பது. 5க்குக் கீழே வந்தால் ஜல்லிப் பாறை வேதியியல் முறையில் மக்கும். மேலே என்றால் உடையும், மக்காது. பிரிட்டிஷ் அரசின் நிதியில் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளில் நடந்த 'ரீகேப்' ஆய்வுத் திட்டம், பருவநிலை மாற்றத்துக்கு ஏற்பக் கிராமச் சாலைகளைத் திட்டமிடும் கையேடுகளை வெளியிட்டது. தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் குறைந்த போக்குவரத்துச் சாலைக் கையேடுகளில் திரும்பத் திரும்ப வரும் பரிந்துரை ஒன்று உண்டு. சாலையின் நடு உச்சி, பக்க வடிகாலின் அடியைவிடக் குறைந்தது 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். சாலை ஓரத்திலிருந்து உள்ளே ஒரு மீட்டர் வரையிலான மண்தான் பருவத்துக்குப் பருவம் நனைந்து காய்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. வண்டியின் வெளிச்சக்கரம் அந்தப் பட்டையில் ஏறாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றே முக்கால் மீட்டர் அகலமுள்ள நம் ஒற்றைவழிச் சாலையில் வெளிச்சக்கரத்துக்கு வேறு இடமே இல்லை. அதனால் அந்த 75 சென்டிமீட்டர் இங்கே இன்னும் முக்கியம். நம் எஸ்டிமேட்டுகளில் முதலில் வெட்டுப்படுவது பக்க வடிகால். எனக்குத் தெரிந்தவரை இதைவிடத் தவறான சிக்கனம் சாலை வேலையில் கிடையாது.

மாவட்டத்துக்கு ஒரு நாட்காட்டி

ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களுக்குத் தென்மேற்குப் பருவமழை பெயரளவுக்குத்தான். ஜனவரியில் தொடங்கி செப்டம்பர் வரை, இடையில் சில கோடை மழை நாட்களைத் தவிர, அங்கே சாலை போடலாம். ஏறக்குறைய ஒன்பது மாதம்! அதில் மூன்று மாதத்தைப் பயன்படுத்திவிட்டு 'மழைக்கு முன் முடிக்க முடியவில்லை' என்று சொல்வதை எப்படி ஏற்பது?

காவிரி டெல்டாவில் கதை வேறு. அங்கே வேலைக்காலத்தை மேட்டூர் அணை நிர்ணயிக்கிறது. வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடாத அந்த நாலரை மாதத்தில்தான் சிறுபாலத்துக்கு அடித்தளம் தோண்ட முடியும். ஆக, டெல்டாவில் சிறுபால டெண்டர் ஜனவரி 28க்கு முன்பே முடிந்து, கம்பியும் சிமெண்டும் தயாராக இருக்க வேண்டும். அதே ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடை. நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் கொள்முதல் நிலையங்களிலிருந்து வரிசையாகக் கிளம்பும். அடிமண் இன்னும் மழையில் ஊறிய நிலையிலேயே இருக்கும். ஆண்டில் சாலை மிகப் பலவீனமாக இருக்கும் வாரங்களும் மிகக் கனமான வண்டிகள் ஓடும் வாரங்களும் ஒன்றாகின்றன. குறைந்த போக்குவரத்துச் சாலைகளுக்கான இந்திய வழிகாட்டி, அறுவடைக் காலப் போக்குவரத்தைத் தனியே சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறது. நல்ல விதி. கொள்முதல் நிலையம் எந்தச் சாலையில் வரப்போகிறது என்று வடிவமைக்கும் பொறியாளருக்குத் தெரிந்தால் விதி பயன்படும்.

நீலகிரி ஒரே மாவட்டம்தான். ஆனால் இரண்டு பருவம். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் தென்மேற்கு மழை வெளுத்து வாங்கும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர்தான் ஆபத்து. 2009 நவம்பர் மண்சரிவில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே டெண்டர் அட்டவணை போடுவதில் பொருளில்லை. கன்னியாகுமரிக்கு இரண்டு மழையும் உண்டு என்பதால் அதன் உலர்காலம் குறுகியது. அங்கே மார்ச் அவசரத்துக்கு ஓரளவு நியாயம்கூட இருக்கிறது.

இவற்றோடு தேர்தல். சட்டமன்றத் தேர்தலும் மக்களவைத் தேர்தலும் இங்கே ஏப்ரல், மே ஒட்டித்தான் வருகின்றன. 2021இல் பிப்ரவரி 26 முதல், 2024இல் மார்ச் 16 முதல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஏற்கெனவே தொடங்கிய வேலை தொடரலாம். புதிது தொடங்க முடியாது. ஐந்தாண்டில் இரண்டு முறை உலர்காலத்தின் பிற்பாதி இப்படிப் போகிறது. இது எதிர்பாராத இடர் அல்ல, வருகிற ஆண்டு எது என்று எல்லாருக்கும் தெரியும். தேர்தல் ஆண்டின் சாலைகளுக்கு முந்தைய அக்டோபரிலேயே ஒர்க் ஆர்டர் கொடுத்துவிடுவதில் எந்தச் சட்டத் தடையும் இல்லை.

தண்ணீரின் வழியில் சாலை

கண்மாய்களும் ஏரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி கோத்த நாடு இது. மேல் ஏரியின் கலிங்கில் வழிந்த நீர் கீழ் ஏரிக்குப் போகும். அந்த மறுகால் ஓடை ஆண்டில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும். கோடையில் சர்வே எடுக்கப் போகிறவர் கண்ணுக்கு அது வெறும் பள்ளம். ஒரு குழாய் போதும் என்று எழுதிவிடுவார். டிசம்பரில் அந்த இடத்தில் நின்று பார்த்தால் அவரே மூன்று கண் பாலம் கேட்பார். ஆகவே சர்வேயை மழைக்காலத்தில் எடுக்க வேண்டும் என்பது என் முதல் பரிந்துரை. செலவு கிடையாது, குடை ஒன்று போதும்.

தரைப்பாலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளத்தில் மூழ்குகிறது என்பதற்காகவே அவற்றைக் குறையாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. சில நாள் மட்டும் தண்ணீர் போகும் ஓடையில், மாற்றுப் பாதை இருக்கும் இடத்தில், உறுதியான கான்கிரீட் தரைப்பாலம் நல்ல தீர்வு. வெள்ளம் மேலே ஏறிப் போகும். மறுநாள் பாலம் அப்படியே இருக்கும். உயரமான பாலம் கட்டி, நீர்வழியைக் குறுக்கிவிட்டால் வெள்ளம் இரண்டு பக்க அணுகுசாலைகளை அரித்துக்கொண்டு போகும். 2024 டிசம்பரில் திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்து மூன்று மாதமே ஆன உயர்மட்டப் பாலம் வெள்ளத்தில் சிதைந்தது. வடிவமைப்புக் கணக்கைவிட மூன்று, நான்கு மடங்கு நீர் சாத்தனூர் அணையிலிருந்து வந்தது என்பது அரசுத் தரப்பு விளக்கம். விளக்கம் சரியாகவே இருக்கட்டும். அணைக்குக் கீழே பாலம் கட்டும்போது அணை அதிகபட்சம் எவ்வளவு திறந்துவிடக்கூடும் என்பதைத்தானே முதலில் கேட்க வேண்டும்?

இதற்கு நேர்மாறான முயற்சி எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில் நடந்தது. சாலை திரட்டும் மழைநீரைக் குழிகள், சிறு குட்டைகள், வயல்கள் ஆகியவற்றுக்குத் திருப்பிவிட்டார்கள். சாலையும் தப்பியது, நிலத்தடி நீரும் கூடியது. இந்த அனுபவங்களைத் திரட்டி உலக வங்கி 2021இல் தனி வழிகாட்டியே வெளியிட்டது. ஏரிக்கரை மேலேயே வண்டிப்பாதை வைத்த ஊர்களுக்கு இது அந்நியமான யோசனை இல்லை. சாலையின் பக்க வடிகாலை அருகிலுள்ள ஊருணியோடு இணைப்பதற்கு ஒன்றிய அளவிலேயே எஸ்டிமேட் போடலாம்.

புதுப் பொருள்களும் பழைய பொறுமையும்

ஈரமான நாட்களிலும் வேலை செய்யத் தார் எமல்ஷன் கலவை உண்டு; சூடாக்கத் தேவையில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய முறையில் ஜல்லிக்கு பிளாஸ்டிக் பூச்சு கொடுத்தால் தண்ணீர் தாரை எளிதில் பிரிக்க முடிவதில்லை. அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தொளதொளத்த அடிமண்ணில் தென்னை நார் விரிப்பு போடலாம். மூன்றும் பயனுள்ளவை. ஆனால் மூன்றாலும் இறுகாத மண்ணை இறுக்க முடியாது, வடிகாலில்லாத சாலையை உலர்த்தவும் முடியாது.

மலை மாநிலங்களில் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் வேலையை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறது. முதலில் மலையை வெட்டி, வடிகாலும் சிறுபாலமும் கட்டி, மண் படிய விட்டு, பிறகு மேல்தளம். புதிய மண்கரை போடும் இடங்களிலும் கரிசல் பகுதிகளிலும் இதைச் சமவெளிக்கும் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து. முதல் ஆண்டு ஜனவரி முதல் மண், சிறுபாலம், கிராவல். ஒரு வடகிழக்கு மழையைப் பார்க்க விடுவது. எங்கே அமுங்கியது, எங்கே தண்ணீர் ஏறியது என்று பார்த்துச் சரிசெய்து, அடுத்த ஜனவரியில் மேல் ஜல்லியும் தாரும்.

எதிர்ப்பு வரும், அதில் நியாயமும் உண்டு. ஓராண்டு புழுதியும் சேறும் மிதிக்கப்போவது ஊர்மக்கள். கிராவலில் கொஞ்சம் மழையில் அடித்துப் போகும், மீண்டும் உருட்ட வேண்டும். ஒப்பந்ததாரர் இயந்திரங்களை இரண்டு முறை கொண்டுவர வேண்டும். இரண்டாண்டுக்கு ஒரே ஒப்பந்தம், நிதி மார்ச்சில் காலாவதி ஆகாத ஏற்பாடு, இடைக்காலப் பராமரிப்புக்குத் தனித் தொகை ஆகிய மூன்றும் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. மூன்றும் இருந்தால், பிரதமர் திட்டச் சாலைகளில் ஒப்பந்ததாரர் தலையில் ஏற்கெனவே இருக்கும் ஐந்தாண்டுப் பராமரிப்புப் பொறுப்பு உண்மையிலேயே பொருள் பெறும். முதல் மழையில் வெளிப்படும் குறைகளை அவர் தார் போடுவதற்கு முன்பே பார்த்துவிடுவார். அது அவருக்கும் லாபம்.

வானிலைத் தகவலுக்குப் பஞ்சமில்லை. வானிலைத் துறை வாரந்தோறும் இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட முன்கணிப்பை வெளியிடுகிறது. உழவருக்கு வாரம் இருமுறை வேளாண் வானிலை அறிக்கை போகிறது. ஒன்றியப் பொறியாளருக்கென்று எழுதிய ஓர் அறிக்கையை நான் பார்த்ததில்லை. 'இந்த வாரம் தார் வேண்டாம், சிறுபாலக் கான்கிரீட்டை முடியுங்கள்' என்று இரண்டு வரி போதும்.

ஊர்க்காரர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் ஆறு நாட்களில் நவம்பர் 1 ஒன்று. மழை உச்சத்தில் இருக்கும் நேரம் அது. உங்கள் ஊராட்சியில் எந்தெந்த இடத்தில் தண்ணீர் சாலையைக் கடக்கிறது, எத்தனை அடி உயரம், எத்தனை நாள் நிற்கிறது என்பதை அன்று தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். அடுத்த முறை உங்கள் சாலைக்கு எஸ்டிமேட் போட வருகிறவரிடம் அந்தத் தீர்மானத்தின் நகலைக் கையில் கொடுங்கள்.